செய்தி விளைத்த நெல்

நங்கநல்லூர் இன்று சென்னை மாநகராட்சியின் ஒரு பகுதி. 2011-ஆம் ஆண்டில் ஆலந்தூர் நகராட்சி மாநகராட்சியோடு இணைந்தபொழுது அவ்வூரும் உடன் இணைந்தது. அதற்கு முன் அது புறநகர். அதற்கும் முன் செங்கற்பட்டு மாவட்டத்தில் வயலும் ஏரியும் சூழ்ந்திருந்த சிற்றூர். நாடு விடுதலை பெற்ற பின் வந்த ஆண்டுகளில் அலுவலகம் செல்வோரும் ஓய்வு பெற்றோரும் அங்கே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு குடியேறினர். வீட்டுக்கு ஒரு கிணறு. காலையில் பழவந்தாங்கல் இரயில் நிலையத்திற்கு நடை. மாலையில் அதே வழியில் திரும்பும் நடை. வடக்கே பரங்கிமலை தெரியும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்களின் ஓசை பேச்சை இடையே நிறுத்தும்.

1970-களில் அவ்வூரில் வாழ்ந்த ஒருவரை நினைத்துப் பாருங்கள். மதுரையில் உறவினர் வீட்டுத் திருமணம். இரவு வண்டியில் படுக்க இடம் கிடைக்குமா என்று அவர் அறியவேண்டும். அதற்கு அவர் பழவந்தாங்கலில் மின்சார இரயில் ஏறி எழும்பூர் செல்லவேண்டும். படிவம் எழுதி வரிசையில் நிற்கவேண்டும். தம் முறை வந்ததும் சாளரத்திற்கு அப்பால் இருப்பவர் பெரிய ஏட்டைப் புரட்டிப் பார்த்து, ‘இடம் இல்லை’ என்று சொல்லக் கேட்கவேண்டும். பின்னர் மீண்டும் வண்டியேறி வீடு திரும்பவேண்டும். அரைநாள் போயிற்று. அந்த அரைநாளில் அவர் பெற்றது இரண்டே சொற்கள். இப்படி இழந்த அரைநாள்களை எந்தக் கணக்கேட்டிலும் எவரும் எழுதி வைக்கவில்லை.

பொருளாதார நூல்களில் ‘உற்பத்தித் திறன்’ என்றொரு தொடர் வருகிறது. மாணவர்கள் அதைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை. அதே நிலம், அதே நீர், அதே உழைப்பு, அதே ஒரு நாள். இவற்றைக்கொண்டு முன்னைவிட மிகுதியாக விளைவிக்க முடியுமானால் உற்பத்தித் திறன் வளர்ந்தது என்கிறோம். ஏழை நாடுகளில் மக்கள் குறைவாக உழைக்கிறார்கள் என்று எண்ணுவது பெரும் பிழை. அவர்களுடைய உழைப்பில் பெரும்பங்கு, தெரிந்திருந்தால் செய்திருக்க வேண்டாத வேலைகளில் கழிகிறது. சந்தையில் விலை என்னவென்று அறியாமல் மூட்டை சுமந்து செல்லும் குடியானவர், அலுவலர் ஊரில் இருக்கிறாரா என்று அறியாமல் பத்துக் கல் நடந்து தாலுகா அலுவலகம் சேரும் மூதாட்டி, எழும்பூர் சென்று திரும்பிய நம் நங்கநல்லூர்க்காரர் ஆகிய அனைவரும் ஒரே வரிசையில் நிற்பவர்கள்தாம்.

அவ்வாறாயின், செய்தியை விரைந்து கொண்டுசெல்லும் கருவி ஒன்று வந்துவிட்டால் வறுமை நீங்கிவிடுமா? தந்தி வந்த காலத்தும், வானொலி வந்த காலத்தும், கணிப்பொறியும் கைபேசியும் வந்த காலத்தும் இதே வினா எழுந்தது. ஒவ்வொரு முறையும் ‘ஆம், நீங்கிவிடும்’ என்று சொன்னவர்களும் இருந்தார்கள். இதற்கு விடையை மேலைநாட்டுப் புள்ளிவிவரங்களில் தேடுமுன் நம் நாட்டு வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நன்று.

இந்தியாவில் முதல் தந்திக் கம்பி 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே இயங்கலாயிற்று. அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் கல்கத்தாவும் பம்பாயும் சென்னையும் கம்பியால் இணைந்தன. 1855-இல் பொதுமக்களும் தந்தி அடிக்கலாம் என்றாயிற்று. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் இரயில் ஓடத் தொடங்கியது. ஆகவே, 1876-இல் பெரும் பஞ்சம் வந்தபொழுது சென்னை மாகாணத்தில் தந்தியும் இருந்தது, இரயிலும் இருந்தது. எந்த ஊரில் தானியம் என்ன விலை விற்கிறது என்பதை வணிகர் அன்றன்றே அறிய முடிந்தது. இருந்தும் 1878 வரையில் நீடித்த அப்பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

காரணம் விளங்காததன்று. தந்தி சொன்னது விலையை, பசியையன்று. விலை உயர்ந்த இடம் நோக்கித் தானியம் நகர்ந்தது. கையில் காசில்லாதவன் எவ்வளவு பசித்திருந்தாலும் அவனுடைய பசி விலையாக மாறவில்லை; ஆதலால் அது கம்பியில் ஏறவும் இல்லை. பஞ்சம் பிழைக்க வந்த மக்களைக்கொண்டு அன்றைய அரசாங்கம் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்துக் கால்வாய் வெட்டியது. பக்கிங்காம் கால்வாயின் அப்பகுதி மயிலாப்பூரின் ஓரமாக இன்றும் கிடக்கிறது. அதன் மீது பறக்கும் இரயிலில் செல்லும் மாணவர்கள் ஒருமுறை கீழே நோக்கினால், செய்தியும் சோறும் வெவ்வேறு வழிகளில் பயணம் செய்த காலத்தின் தழும்பைக் காணலாம்.

இனி இந்நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வருவோம். என் கருத்தில், இப்பொருள் பற்றித் தமிழ்நாடு உலகிற்கு அளிக்கத்தக்க மிகச் சிறந்த சான்று அங்கேதான் இருக்கிறது. அது ஒரு நெல்லின் கதை.

சென்னையில் வானொலி ஒலிபரப்பு 1924-இலேயே தொடங்கிவிட்டது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முதலிய ஆர்வலர்கள் சென்னை மாகாண ரேடியோ சங்கத்தை நிறுவி ஒலிபரப்பினர். பணமின்மையால் அச்சங்கம் 1927-இல் ஓய்ந்தது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939-இல் திருச்சி நிலையமும் தோன்றின. ஊராட்சி அலுவலகத் திண்ணையிலோ பள்ளித் தாழ்வாரத்திலோ வைக்கப்பட்ட பொதுப் பெட்டியைச் சுற்றி மாலையில் ஊரார் கூடிக் கேட்பது வழக்கமாயிற்று. ஆனால் மின்சாரம் எட்டாத ஊர்கள் பல. 1947-இல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர் என்னும் நுண்கருவி 1960-களில் நம் நாட்டுச் சிற்றூர்களுக்கு வந்து சேர்ந்தபொழுதுதான், கம்பியின் துணையின்றி, உலர்ந்த மின்கலத்தைக் கொண்டு வரப்பு மேட்டிலும் வானொலி பேசலாயிற்று.

வானொலி கேட்பதால் மட்டும் குடியானவர் புதிதாக ஏதேனும் கற்பாரா? இதைச் சோதித்துப் பார்க்க 1956-இல் பூனாப் பகுதியில் யுனெஸ்கோவின் துணையோடு ஒரு முயற்சி நடந்தது. சில ஊர்களில் வானொலி கேட்போர் மன்றங்கள் அமைத்தார்கள். மன்றத்தார் கூடி நிகழ்ச்சியைக் கேட்பர். கேட்டபின் தமக்குள் விவாதிப்பர். ஐயங்களை எழுதி நிலையத்துக்கு அனுப்புவர். விடை அடுத்த நிகழ்ச்சியில் வரும். வேறு சில ஊர்களில் பெட்டி உண்டு, மன்றம் இல்லை. மற்றும் சில ஊர்களில் பெட்டியே இல்லை. முடிவில் மூவகை ஊர்களையும் ஒப்பிட்டபொழுது, மன்றம் அமைந்த ஊர்களே அறிவில் மிக முன்னேறியிருந்தன. பெட்டி பேசியது போதவில்லை; ஊரார் திருப்பிப் பேசவும் வழியிருக்க வேண்டியிருந்தது. இதன் பயனாக 1959-இல் இம்மன்றங்கள் நாடெங்கும் விரிவாக்கப்பட்டன.

அக்காலத்தில் நாட்டிற்கு உணவுத் தட்டுப்பாடு பெருங்கவலையாக இருந்தது. அமெரிக்கக் கோதுமை வந்து இறங்கினால்தான் பல மாநிலங்களில் அடுப்பு எரியும் என்னும் நிலை. 1960-இல் தொடங்கிய தீவிர வேளாண்மைத் திட்டத்திற்கு நாட்டில் முதற்கண் தேர்ந்த மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. நல்ல விதை, உரம், பூச்சி மருந்து, கூட்டுறவுக் கடன், நீர், வயலுக்கு வந்து வழிகாட்டும் கிராம சேவகர் ஆகிய அனைத்தையும் ஒருங்கே ஒரு மாவட்டத்தில் குவித்துப் பார்ப்பதே அத்திட்டத்தின் உட்கருத்து. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்றவை வீணாகும் என்று அதை வகுத்தவர்கள் எண்ணினார்கள். காவிரி நீருக்கு 1934 முதல் மேட்டூர் அணையின் காப்பு இருந்தது. ஆனால் தக்க விதை இல்லை. மிகுதியாக உரமிட்டால் பழைய நெல் வகைகள் வைக்கோலாக நெடிது வளர்ந்து, கதிர் முற்றுமுன் சாய்ந்துவிடும்.

அவ்விதை ஆடுதுறையிலிருந்து வந்தது. கும்பகோணத்தை அடுத்த அந்த நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் நடந்து வருவது. நம் நாட்டின் ஜி.இ.பி. 24 என்ற புகழ்பெற்ற நெல்லையும் ஜப்பானிய வகையான நோரின் 10 என்பதையும் இணைத்து அங்கே உருவாக்கிய கலப்பினமே ஏ.டி.டி. 27. ஜி.இ.பி. 24-இன் சோறு உண்ண இனியது. ஜப்பானிய வகை உரத்தைத் தாங்கி நிற்பது. பிறந்த பிள்ளைக்கு இரண்டு குணமும் ஓரளவு வாய்த்தன. சுமார் 105 நாளில் விளைந்துவிடும். ஆதலின் ஜூனில் மேட்டூர் திறந்தபின் நடும் குறுவைக்கு ஏற்றது. 1960-களின் நடுவில் இந்நெல் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டது.

ஆராய்ச்சி நிலையத்தில் விதை இருப்பது ஒன்று. குடியானவர் அதை நம்பித் தம் நாற்றங்காலில் தெளிப்பது மற்றொன்று. ஒரு போகம் தவறினால் ஒரு குடும்பம் கடனில் விழும். எத்தனையோ தலைமுறையாக அறிந்த நெல்லைக் கைவிட்டு, பெயர்கூட இல்லாமல் எண் மட்டுமே உடைய நெல்லை எவர் துணிந்து ஏற்பார்? கிராம சேவகர் ஊர் ஊராகச் சென்று சொல்லலாம். ஆனால் அவர் ஒருவர், ஊர்கள் பல, குறுவை நாற்றுவிடும் நாள்களோ சில.

இந்த இடத்திலேதான் திருச்சி வானொலி நிலையம் வந்து சேர்ந்தது. 1966-இல் அகில இந்திய வானொலியின் சில நிலையங்களில் பண்ணை இல்லப் பிரிவுகள் தொடங்கப்பட்டன; திருச்சியும் அவற்றுள் ஒன்று. ஆடுதுறை நெல்லை எப்பொழுது விதைப்பது, எத்தனை நாள் நாற்றைப் பறித்து நடுவது, உரத்தை எத்தனை முறையாகப் பிரித்து இடுவது என்பவற்றை அந்தந்த வாரத்துக்கு உரிய வேலையாக அந்தந்த வாரத்திலேயே வானொலி எடுத்துரைத்தது. ஆராய்ச்சியாளர் பேசினர், விளைவித்துப் பார்த்த விவசாயிகளும் பேசினர். தம்மைப் போன்ற ஒருவர் தம் வழக்கிலேயே ‘நான் நட்டேன், விளைந்தது’ என்று சொல்வதைக் கேட்டபோது எழுந்த நம்பிக்கை நூறு துண்டுப் பிரசுரங்களால் எழாத நம்பிக்கை.

நெல் விரைந்து பரவிற்று. சில ஆண்டுகளுக்குள் தஞ்சைக் குறுவை வயல்களில் பெரும்பங்கை அதுவே பிடித்துக்கொண்டது. ஏ.டி.டி. 27 என்று ஆராய்ச்சியாளர் வைத்த பெயரை மக்கள் வைத்துக்கொள்ளவில்லை. கடையில் சென்று ‘ரேடியோ நெல் இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். செய்தியைச் சுமந்துவந்த கருவியின் பெயரையே பயிருக்குச் சூட்டிய நிகழ்ச்சி உலக வேளாண்மை வரலாற்றில் வேறெங்கும் உண்டோ என்று எனக்கு ஐயம். தகவல் தொடர்பு பற்றிய நூல்களில் அயல்நாட்டு ஆசிரியர்களும் இதைச் சான்றாக எடுத்துக்காட்டுகிறார்கள். நம் பாடநூல்களில் இதற்கு இன்னும் கொஞ்சம் இடம் தரலாம்.

மாணவர்கள் இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்கவேண்டும். வானொலி ஒரு மணி நெல்லையும் விளைவிக்கவில்லை. நீர் வாய்க்காலில் இருந்தது. விதை கிடங்கில் இருந்தது. உரத்திற்குக் கடன் கூட்டுறவுச் சங்கத்தில் இருந்தது. ஐயம் வந்தால் கேட்கக் கிராம சேவகர் இருந்தார். இத்தனையும் அமைந்த இடத்தில் குறைந்திருந்தது செய்தி ஒன்றே. அந்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்தவுடன் மற்றவை அனைத்தும் பயன்தரத் தொடங்கின. கடனும் வாய்க்காலும் இல்லாத வானம் பார்த்த பூமியில் அதே நிகழ்ச்சியை அதே குரலில் ஒலிபரப்பியிருந்தால், கேட்டவர்கள் பெருமூச்சு விட்டிருப்பார்கள், வேறொன்றும் நிகழ்ந்திராது.

குறைகளும் இருந்தன. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தோடு மோதும். நனைந்த கதிரை உலர்த்தக் களமும் வெயிலும் போதாமல் விவசாயிகள் அல்லற்பட்டனர். விளைச்சலைப் பெருக்குவது எப்படி என்று சொன்ன செய்தி, பெருகிய விளைச்சலை உலர்த்த இடம் தேடித் தரவில்லை.

அதனினும் பெரிய குறை ஒன்று. விளைச்சல் பெருகிற்று, பெருகியது யாருக்கு? நிலமுடையவர் வானொலியைக் கேட்டார், விதை வாங்கினார், பயன் பெற்றார். நாற்று நட்டவர்களும் கதிர் அறுத்தவர்களும் பெரும்பாலும் நிலமற்ற கூலிகள். அவர்களுள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். களத்தில் நெல் குவிவதைத் தம் கண்ணால் கண்ட அவர்கள், கூலியாக அளக்கும் நெல்லைச் சற்றே உயர்த்தித் தரவேண்டும் என்று கேட்டார்கள். அக்கூலிப் பூசல் கீழைத் தஞ்சையில் முற்றியது. 1968 டிசம்பர் 25 இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்து மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1969-இல் தஞ்சை மாவட்ட வேளாண் தொழிலாளருக்கு நியாயக் கூலி வரையறுக்கும் சட்டம் வந்தது. ரேடியோ நெல்லின் வரலாற்றைச் சொல்பவர்கள் இப்பகுதியைச் சொல்லாமல் விடுவது உண்டு. ஏக்கருக்கு எத்தனை மூட்டை என்ற கணக்கில் இந்த 44 பேரும் வரமாட்டார்கள். ஆனால் அதே வயல், அதே நெல், அதே ஆண்டுகள்.

இனித் தொலைபேசிக்கு வருவோம். இங்கே விரைந்து செல்லலாம். சென்னையில் தொலைபேசி நிலையம் 1882-லேயே திறக்கப்பட்டது. ஆயினும் நூறு ஆண்டு கழித்தும் அது செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது நகரங்களில் இயல்பு. நங்கநல்லூர் போன்ற புறநகர்களில் தெருவுக்கு ஒன்றிரண்டு வீடுகளில் தொலைபேசி இருக்கும். மற்றவர்கள் அந்த வீட்டு எண்ணையே தம் முகவரிச் சீட்டில் அச்சிட்டு, பக்கத்தில் ‘பி.பி.’ என்று போட்டுக்கொள்வார்கள். அயல்வீட்டுச் சிறுவன் ஓடிவந்து ‘மாமா, உங்களுக்குப் போன்’ என்று கூவும் குரல் அக்காலத்துச் செய்தித் தொடர்பின் கடைசிக் கண்ணி. கம்பி வந்த பிறகும் கால்கள் ஓடவேண்டியிருந்தது! 1984-இல் அரசாங்கம் நிறுவிய சி-டாட் ஆய்வு நிலையம், நம் வெயிலையும் தூசியையும் தாங்கும் சிறு தொலைபேசி நிலையங்களை வடிவமைத்தது. அதன் பின்னரே மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. கடைகள் தெருமுனைகளில் தோன்றின.

1990-களின் பிற்பகுதியில் கைபேசி வந்தது. அதன் விளைவைத் துல்லியமாக அளந்து காட்டிய ஆய்வு ஒன்று நம் அண்டை மாநிலமான கேரளத்தில் நடந்தது. கண்ணூர், கோழிக்கோடு, காசர்கோடு மாவட்டங்களின் கடற்கரையில் மத்தி மீன் பிடிப்போர், பிடித்த மீனைத் தம் ஊர்க் கரையிலேயே விற்பது வழக்கம். ஒரு கரையில் மீன் மிகுந்து வாங்குவோரின்றிக் கொட்டப்படும். சில கல் தொலைவில் மற்றொரு கரையில் மீனின்றி வாங்க வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவர். 1997 முதல் 2001 வரையில் அக்கரையோரம் கைபேசிக் கோபுரங்கள் ஒவ்வொரு பகுதியாக எழுந்தன. கோபுரத்தின் அலை கரையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் கடலுக்குள்ளும் எட்டியது. படகிலிருந்தபடியே விலை கேட்டு, விலை உள்ள கரைக்குப் படகைத் திருப்பினர் மீனவர். இராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார அறிஞர் 2007-இல் வெளியிட்ட கணக்கின்படி, மீன் வீணாவது ஏறத்தாழ அடியோடு நின்றது. மீனவரின் இலாபம் 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குவோர் தந்த விலை 4 விழுக்காடு குறைந்தது. விற்பவருக்கும் இலாபம், வாங்குபவருக்கும் இலாபம். முன்பு கடலில் கொட்டிய மீனே இருவருக்கும் பங்காயிற்று.

இங்கும் படகு இருந்தது, இயந்திரம் இருந்தது, பல கரைகளில் சந்தை இருந்தது. தஞ்சையில் வானொலிக்கு முன் வாய்க்காலும் விதையும் இருந்தாற்போல.

எல்லாம் இருந்து செய்தி மட்டும் இல்லாத இடத்தைப் பார்த்தோம். செய்திக் கருவி மட்டும் வந்து மற்றவை வராத இடம் எப்படியிருக்கும்? அதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. நங்கநல்லூரிலிருந்து சிறிது தொலைவில், கிண்டிக் காட்டை ஒட்டி 1959-இல் நிறுவப்பட்ட சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. அங்கே பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும் 1990-களில் கம்பியில்லாமல் தொலைபேசியும் இணையமும் தரும் ‘கார்டெக்ட்’ என்ற மலிவான முறையை உருவாக்கினர். வெளிநாட்டு முறைகளைவிடக் குறைந்த செலவில் ஊர்தோறும் இணைப்புத் தரவேண்டும் என்பது அவர்கள் நோக்கம், உயர்ந்த நோக்கம். அதைக்கொண்டு மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரத்தில் 2001 முதல் சிற்றூர்களில் இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. ஒரு கணிப்பொறி, ஒரு படக்கருவி, நடத்த ஓர் உள்ளூர் இளைஞர் அல்லது பெண். நோயுற்ற பயிரின் படத்தை வேளாண் அறிஞருக்கும், கண்ணின் படத்தை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கும் அனுப்பி ஆலோசனை பெறலாம். சாதிச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை ஆகியவற்றுக்குத் தாலுகா அலுவலகத்திற்கு ஊரிலிருந்தே விண்ணப்பிக்கலாம்.

தொடக்கத்தில் மக்கள் வந்தார்கள். நிலையம் உள்ள ஊர்களிலிருந்து செல்லும் விண்ணப்பங்கள் பெருகின. ஆனால் விண்ணப்பம் நொடியில் போய்ச் சேர்ந்தாலும், அதைப் பிரித்துப் படித்துக் கையெழுத்திட அங்கே ஒருவர் வேண்டுமே! ஆர்வத்தோடு துணைநின்ற அதிகாரிகள் மாறிச் சென்றபின் அவ்வேலை தளர்ந்தது. விடை வராத விண்ணப்பத்திற்கு எவர் காசு கொடுப்பார்? வருமானம் குன்றிற்று; சில ஆண்டுகளுக்குள் தனியார் நடத்திய நிலையங்களில் பெரும்பாலானவை மூடப்பட்டன. கருவி பழுதுபடவில்லை என்பதல்ல, அதுவும் பழுதுபட்டது. ஆனால் முதலில் அறுந்த கண்ணி கருவியில் இல்லை, மேசைக்கு மறுபுறத்தில் இருந்தது.

இதே காலத்தில் தரமணியில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களில் அறிவு நிலையங்களை நடத்தியது. 1998-இல் தொடங்கிய அம்முயற்சியில், வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊருக்கு நாள்தோறும் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு வரும். அதைத் தமிழில் சொல்லி ஒலிபெருக்கியில் ஊரெங்கும் கேட்கச் செய்தனர். கணிப்பொறியைத் தொடாதவரும், எழுத்தறியாதவரும் கடலுக்குப் போகலாமா என்று அன்று காலையிலேயே முடிவு செய்தார்கள். கேட்டவுடன் செய்யத்தக்க செய்தி. அதற்கு எந்த அலுவலகத்தின் கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை.

செல்வ நாடுகளும் இக்குழப்பத்திற்குத் தப்பவில்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் இராபர்ட் சோலோ, கணிப்பொறி எங்கும் காணப்பட்டாலும் உற்பத்தித் திறன் பற்றிய புள்ளிவிவரத்தில் மட்டும் அது தென்படவில்லையே என்று 1987-இல் வேடிக்கையாகக் குறிப்பிட்டார். அதற்கு வரலாற்று வழியில் விடை கண்டவர் பால் டேவிட் என்பவர். 1990-இல் எழுதிய கட்டுரையில் அவர் மின்சாரத்தின் கதையை எடுத்துக்கொண்டார். 1880-களில் அமெரிக்காவில் மின் உற்பத்தி நிலையம் வந்துவிட்டது. ஆனால் தொழிற்சாலைகளில் அதன் முழுப்பயன் தெரிய 1920-கள் ஆயின. பழைய ஆலையில் ஒரே நீராவி இயந்திரம் நீண்ட அச்சையும் தோல் வார்களையும் சுழற்றி எல்லாப் பொறிகளையும் ஓட்டும். முதலாளிகள் நீராவி இயந்திரத்தை அகற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மின்விசைப் பொறியை வைத்தார்கள். அச்சும் வாரும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனி மோட்டார் வைத்து, வேலையின் வரிசைக்கு ஏற்ப ஆலையையே மாற்றிக் கட்டியபிறகுதான் உற்பத்தி பெருகியது. அது ஒரு தலைமுறையின் வேலையாயிற்று. நம் அலுவலகங்கள் பலவற்றில் கணிப்பொறி வந்தபின்னரும் பழைய பேரேட்டை விடாமல் இரண்டிலும் எழுதிவந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். அச்சும் வாரும் அங்கும் சுழன்றுகொண்டுதான் இருந்தன.

தொடக்கத்தில் எழும்பூர் சென்று திரும்பிய நங்கநல்லூர்க்காரரை மறந்துவிடவில்லை. இரயில் முன்பதிவுக்குக் கணிப்பொறியைப் பயன்படுத்தும் முறை 1985-இல் தில்லியில் தொடங்கிப் பின்னர் சென்னை முதலிய நகரங்களுக்கும் வந்தது. முன்பெல்லாம் இந்த வண்டிக்கு இந்தச் சாளரம், அந்த வண்டிக்கு அந்தச் சாளரம் என்று இருந்தது. ஏடு ஒன்றுதானே, அது ஓரிடத்தில்தானே இருக்க முடியும்! கணிப்பொறி வந்தபின் எந்தச் சாளரத்திலும் எந்த வண்டிக்கும் சீட்டுப் பெறலாம் என்று வேலையின் அமைப்பே மாறிற்று. 2002-இல் வீட்டிலிருந்தே இணையத்தின் வழியாகச் சீட்டுப் பெறும் வசதி வந்தது. இன்று அவருடைய பேரன் நங்கநல்லூரில் மாடி முகப்பில் நின்றபடி கைபேசியைத் தட்டுகிறான். மதுரை செல்லும் இரவு வண்டியில் இடம் இல்லை என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடுகிறது. பாட்டனார் இழந்த அரைநாள் பேரனுக்கு மிச்சம். தீபாவளிக்கு முந்தைய இரவில் அவ்வண்டியில் எத்தனை படுக்கைகள் உண்டு என்பது வேறு கணக்கு. அதைப் பெருக்கத் தண்டவாளமும் பெட்டியும் வேண்டும்.